பழைய பெட்டியை எப்பொழுது மாற்றுவது?

என் தந்தையார் வாங்கிய வானொலிப் பெட்டியொன்று எங்கள் வீட்டு விறாந்தையில் நெடுங்காலம் இருந்தது. அதனுள்ளே இருந்த வால்வுகள் சூடேறுவதற்குச் சற்று நேரம் வேண்டும். அதுவரை வீட்டிலுள்ளோர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பர். வால்வு கெட்டால் வேறொரு வால்வு போட்டார்கள். ஒலிபெருக்கியின் கடதாசி கிழிந்தால் ஒட்டினார்கள். இவ்வாறு செப்பஞ் செய்து செய்து ஒரு தலைமுறைக் காலம் அதனைக் கேட்டோம். "நீ பழையதாகிவிட்டாய், இனி உனக்கு நிகழ்ச்சி இல்லை" என்று எந்த நிலையமும் அந்தப் பெட்டிக்குச் சொன்னதில்லை. கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாகியது 1925 ஆம் ஆண்டில். இன்று நூறாண்டு நிறைந்துவிட்டது. ஆயினும், மத்திய அலையில் ஒலிபரப்பு நடைபெறும் இடங்களில், அறுபதாண்டுக்கு முந்திய பெட்டியொன்று, அதன் உறுப்புக்கள் நல்ல நிலையில் இருக்குமாயின், இப்பொழுதும் பேசும்.

இன்று அந்தப் பெட்டி இருந்த இடத்திலே தொலைக்காட்சி நிற்கின்றது. அதன் பின்புறத்தில், தீப்பெட்டியளவிலோ கைவிரலளவிலோ ஒரு சிறிய கருவி செருகப்பட்டிருக்கின்றது. இணையத்தின் வழியாகப் படத்தையும் பாட்டையும் வருவித்துத் திரையிலே காட்டுவது அதுவே. கடைக்காரர் அதனை 'ரீவி பொக்ஸ்' என்பர். நான் 'பெட்டி' என்றே கூறுகின்றேன். வாங்கி நாலைந்து ஆண்டுகள் சென்றதும் இப்பெட்டி தடுமாறத் தொடங்குகின்றது. படம் நின்று நின்று ஓடும். பெட்டி தானாகவே அணைந்து எழும்பும். நேற்றுவரை இயங்கிய செயலி இன்று இயங்க மறுக்கும். "மாற்றிவிடுவோம்" என்பர் வீட்டிலுள்ள இளைஞர். "நேற்றுத்தானே வாங்கினோம்" என்பர் பெரியவர்கள். இவ்விரு கட்சியாருள் யார் சொல்வது சரி? இதனையே இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதலில், வானொலிப் பெட்டிக்கும் இப்பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டினை அறிதல் வேண்டும். வானொலிப் பெட்டி காற்றில் வருவதை ஏந்திக் கொள்வது. நிலையத்துக்கு அது ஒருபோதும் மறுமொழி சொல்வதில்லை. இணையப் பெட்டியோ தொலைவிலுள்ள கணினி ஒன்றுடன் ஓயாது பேசிக்கொண்டிருப்பது. "நான் இன்ன பெட்டி, இன்ன படம் வேண்டும்" என்று அது கேட்கும். அங்கிருந்து "உன் அடையாளச் சான்றிதழ் எங்கே? உனக்கு இன்ன குறியீடு வாசிக்கத் தெரியுமா?" என்று வினா வரும். இரண்டுக்கும் தக்க விடை கிடைத்தாற்றான் படம் வரும். சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. குறியீடுகளும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளுள் எச்.264 என்பது 2003 இலும், எச்.இ.வி.சி. என்பது 2013 இலும், ஏ.வி.1 என்பது 2018 இலும் வெளிவந்தன. 2013 இல் செய்த பெட்டிக்கு 2018 இல் பிறந்த குறியீட்டை விரிக்கும் சில்லு எவ்வாறு இருக்க முடியும்?

ஆகவே இப்பெட்டிக்கு வரும் நோய்கள் மூவகைப்படும். முதலாவது, வீட்டில் உள்ள குறை: மின்சாரம், சூடு, இணைப்பு ஆகியவற்றால் வருவது. இரண்டாவது, பெட்டிக்குள்ளேயே ஏற்படும் தேய்வு. மூன்றாவது, மறுமுனையில் உள்ளவர் உறவை முறித்துக்கொள்ளுதல். மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே, படம் வராது. ஆனால் மருந்து வெவ்வேறு. நோயை அறியாமல் பெட்டியை மாற்றுவது வீண் செலவாகும். இதனை நான் நூலிற் படித்து அறிந்தேனல்லேன். எங்கள் பாடசாலையிலே அனுபவத்தில் அறிந்தேன்.

2018 ஆம் ஆண்டில் பழைய மாணவர் ஒருவர் எமது மண்டபத்துத் தொலைக்காட்சிக்கு இத்தகைய பெட்டி ஒன்றை வழங்கினார். விஞ்ஞானப் பாடத்திலே இதயம் இயங்கும் விதத்தையும், புவியியலிலே எரிமலை வெடிக்கும் காட்சியையும் பிள்ளைகள் அதிற் கண்டார்கள். ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலைக்கு அது பெரிய உதவி. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அது குழம்பத் தொடங்கியது. பத்து நிமிடம் ஓடும். பின்பு அணைந்து எழும்பும். அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350 ரூபாவைக் கடந்தது. கடைக்காரர் ஒருவரிடம் பெட்டியைக் காட்டினோம். "இது பழைய பெட்டி, இனிச் சரிவராது" என்று கூறிப் புதியதற்கு ஒரு விலை சொன்னார். அந்தப் பணத்திலே உடைந்த வாங்குகள் பலவற்றைத் திருத்தியிருக்கலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இவ்விடயத்தை வைத்தேன். இடியப்பம் அவித்து விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாயொருவர் பின்வரிசையில் இருந்து எழுந்தார். "சேர், அது செத்துப்போச்சோ, இல்லாட்டிப் பசியிலை கிடக்குதோ எண்டு பார்த்தனீங்களோ? எங்கடை றேடியோவும் பற்றறி இறங்கினால் இப்பிடித்தான் விட்டு விட்டுக் கத்தும்" என்றார். சபையிலே சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். வீடு சென்ற பின்பே அக்கேள்வி என்னை உறுத்தத் தொடங்கிற்று.

மறுநாள் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் இளம் ஆசிரியரை அழைத்துப் பெட்டியின் பின்புறத்தைப் பார்க்கச் சொன்னேன். அதனுடன் வந்த அடப்டர் எப்பொழுதோ தொலைந்துபோயிருந்தது. யாரோ ஒருவர் தொலைக்காட்சியில் உள்ள யூ.எஸ்.பி. துவாரத்திலேயே வயரைச் செருகிவிட்டிருந்தார். பழைய முறையிலமைந்த அத்தகைய துவாரம் அரை அம்பியர் மின்னோட்டத்தையே தரும். பெட்டிக்கு வேண்டியது ஒரு அம்பியர். இலகுவான வேலையைச் செய்யும்போது அரைவயிற்றுடன் சமாளித்த பெட்டி, கனமான படம் வந்ததும் மயங்கி விழுந்தது. தக்க அடப்டர் ஒன்றை வாங்கிச் சுவரிலே செருகினோம். அதன்பின் அது மூன்று ஆண்டுகள் உழைத்தது. பெட்டி சாகவில்லை, பசியாற்றான் கிடந்தது.

ஆகவே, நேயர்களே, பெட்டியைக் குறைகூறுமுன் வீட்டைச் சோதியுங்கள். மின்சாரத்தைப் பற்றிச் சொன்னேன். அடுத்தது சூடு. எங்கள் நாட்டு வெயிலில், தொலைக்காட்சிக்குப் பின்னால், காற்றோட்டமின்றிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் பெட்டி கொதித்துப்போகும். கொதித்த சில்லு தன்னைக் காத்துக்கொள்வதற்காக வேகத்தைக் குறைக்கும். கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடாயின், சிறிய நீட்டிப்பு வடம் ஒன்றினால் அதனைச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள்.

மூன்றாவது இணைப்பு. நெட்பிளிக்ஸ் நிறுவனம் தன் படங்களை முழுத் தெளிவுடன், அதாவது 1080 வரிகளிற் பார்ப்பதற்கு, வினாடிக்கு 5 மெகாபிற் வேகமும், 4கே என்னும் மிகுதெளிவுக்கு 15 மெகாபிற் வேகமும் வேண்டும் என்கின்றது. றவுட்டர் ஓர் அறையிலும் பெட்டி மூன்று சுவர்களுக்கு அப்பாலும் இருந்தால் அந்த வேகம் பெட்டியைச் சென்றடையாது. சோதனை எளிது. பெட்டி இருக்கும் அதே இடத்தில் கைத்தொலைபேசியை வைத்து, அதே வைபையில், அதே படத்தைப் போட்டுப் பாருங்கள். அங்கும் படம் தடுமாறினால் பெட்டியின்மீது சந்தேகம் வேண்டாம். புதுப் பெட்டி வாங்கினாலும் அந்த இடத்திலே அதுவும் தடுமாறவே செய்யும்.

நான்காவது, பெட்டியின் களஞ்சியம். இத்தகைய பெட்டிகள் பலவற்றுள் 8 ஜிகாபைற் இடமே உண்டு. அதிலும் பெரும்பங்கைப் பெட்டியின் சொந்த மென்பொருள் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் ஏற்றிய விளையாட்டுக்களும் பாவிக்காத செயலிகளும் மிகுதியை நிரப்பிவிட்டால், பெட்டி அசைய இடமின்றித் தவிக்கும். வேண்டாதவற்றை அகற்றி, பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் சென்றபின் மீண்டும் இயக்குங்கள். பாதி முறைப்பாடுகள் அதனோடு தீர்ந்துவிடும்.

இத்தனையும் செய்த பின்பும் பெட்டி தடுமாறுமாயின், அல்லது தொட்டால் இணைப்பு அறுந்துபோகும் துவாரமும், நல்ல மின்சாரம் கொடுத்தும் தானாக அணையும் இயல்பும் இருக்குமாயின், அது உள்தேய்வு. இச்சிறு பெட்டிகளைத் திறந்து செப்பஞ் செய்வது அரிது. அத்தகைய பெட்டிக்கு விடைகொடுப்பதில் தவறில்லை.

இனி மூன்றாவது நோய்க்கு வருவோம். பெட்டி சுகமாக இருக்கின்றது. மின்சாரமும் இணைப்பும் செம்மையாக உள்ளன. ஆயினும் மறுமுனை கதவை மூடிவிடுகின்றது. இதற்கு உலகறிந்த உதாரணங்கள் பல உள. 2010 இலும் 2011 இலும் செய்யப்பட்ட சாம்சுங் தொலைக்காட்சிகள் சிலவற்றுக்கு 2019 டிசம்பருடன் நெட்பிளிக்ஸ் தன் சேவையை நிறுத்தியது. 2012 இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறை அப்பிள் ரீவியில் யூடியூப் செயலி 2021 மார்ச்சில் ஓய்ந்தது. நெட்பிளிக்ஸ் 2024 யூலையில் விடைபெற்றது. கூகுள் நிறுவனம் 2013 இல் 35 அமெரிக்க டொலருக்கு அறிமுகஞ் செய்த முதலாவது குரோம்காஸ்ட்டுக்கு 2023 இல் ஆதரவை முடித்துக்கொண்டது. இவை ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்த பெட்டிகள். உரிமையாளர் செய்த பிழை ஏதும் இல்லை. பெட்டியிலும் பழுது இல்லை. உறவு முடிந்துவிட்டது, அவ்வளவே.

ஆனால் கதவு மூடியிருப்பதைக் கண்டதும், அது என்றென்றைக்கும் மூடப்பட்டுவிட்டது என்று முடிவுசெய்தலும் கூடாது. 2025 மார்ச் 9 ஆந் திகதி, 2015 இல் வெளிவந்த இரண்டாந் தலைமுறைக் குரோம்காஸ்ட் பெட்டிகள் உலகெங்கும் ஒரே வேளையில் செயலிழந்தன. 'இக்கருவி நம்பத்தக்கதன்று' என்னும் பொருள்பட ஓர் அறிவித்தல் திரையிலே தோன்றியது. காரணம், பத்தாண்டுக்கென வழங்கப்பட்ட சான்றிதழ் ஒன்று அன்று காலாவதியாயிற்று. அதனைப் புதுப்பிக்க உரியவர்கள் தவறிவிட்டார்கள். பெட்டியின் ஆயுள் முடிந்தது என்று எண்ணியோர் பலர். சிலர் அவசரப்பட்டு, பெட்டியிலுள்ள அனைத்தையும் அழித்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு அதனைக் கொண்டுவந்தனர். அவ்வாறு செய்தவர்களுக்குத் தொல்லை கூடியதே தவிரக் குறையவில்லை. மீண்டும் அமைக்க முற்பட்டபோது அது இணைய மறுத்தது. "அழிக்க வேண்டாம், பொறுத்திருங்கள்" என்று கூகுள் அறிவித்தது. சில நாட்களுக்குள் திருத்தம் வந்தது. பொறுத்திருந்தவர்களின் பெட்டிகள் தாமாகவே உயிர்பெற்றன. ஆகவே, திடீரென ஒரு நாள் பெட்டி நின்றால், உற்பத்தியாளரின் அறிவித்தலைத் தேடி வாசியுங்கள்; ஒரு வாரம் பொறுங்கள். முன்னறிவித்தல் தந்து, இன்ன திகதியுடன் ஆதரவு முடிகின்றது என்று எழுத்தில் சொல்லப்பட்டிருந்தால் மட்டும் அதனை முடிவாகக் கொள்ளுங்கள்.

இன்னுமொரு விடயம். படம் நன்றாகவே ஓடும். ஆயினும் பெட்டியை மாற்றவேண்டிய நிலை வருவதுண்டு. இதனைப் பலர் உணர்வதில்லை. இப்பெட்டி ஒரு சிறு கணினி. வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகளும், மடிக்கணினியும், வங்கிக் கணக்குப் பார்க்கும் கருவியும் இணைந்துள்ள அதே வைபையில் அதுவும் இணைந்திருக்கின்றது. அதன் மென்பொருளிலே காலந்தோறும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. உற்பத்தியாளர் அவற்றை அடைக்கும் திருத்தங்களை அனுப்புகின்றார். ஆதரவு முடிந்தபின் ஓட்டைகளை அடைப்பவர் இல்லை. தாழ்ப்பாள் கழன்ற பின்கதவைப் போல அது வீட்டில் இருக்கும்.

இதனினும் கொடியது, தாழ்ப்பாளே இல்லாமற் செய்யப்பட்ட கதவு. 'எல்லாச் சானல்களும் இலவசம்' என்று கூறிப் பெயர் விலாசமின்றி மலிவாக விற்கப்படும் அன்ட்ரொயிட் பெட்டிகள் சிலவற்றில் தீய மென்பொருள் முன்னதாகவே புகுத்தப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. 'பாட்பொக்ஸ் 2.0' எனப்படும் இக்கூட்டு மோசடி பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 யூனில் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. அதற்கு அடுத்த மாதம், இதனை நடத்தியோருக்கு எதிராக வழக்குத் தொடர்ந்த கூகுள், 1 கோடிக்கு மேற்பட்ட கருவிகள் இதில் அகப்பட்டுள்ளதாகக் கூறியது. வீட்டார் படம் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களது இணைய இணைப்பைக் கள்வர் தம் தொழிலுக்குப் பாவித்தனர். இத்தகைய பெட்டி நேற்று வாங்கியதாயினும் இன்றே மாற்றத்தக்கது. இங்கே வயது கணக்கில்லை.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துச் சொல்வேனாயின், பெட்டியை மாற்றுவதற்குத் தக்க காரணங்கள் நான்கே. வீட்டுக் குறைகளெல்லாம் நீங்கிய பின்பும் பெட்டி தானே நோயுற்றிருத்தல் ஒன்று. நாம் உண்மையிற் பாவிக்கும் சேவை, எழுத்திலே அறிவித்து, அதனைக் கைவிட்டுவிடுதல் இரண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோதல் மூன்று. பெட்டியின் பிறப்பே ஐயத்துக்கிடமாதல் நான்கு. அயல்வீட்டார் புதியது வாங்கியமை ஒரு காரணமன்று. விளம்பரத்திலே '4கே' என்ற எழுத்துக்களைக் கண்டமையும் காரணமன்று. எங்கள் தொலைக்காட்சி 4கே இல்லாதவிடத்து அந்தப் பெட்டி எதனைக் காட்டும்?

மாற்றுவதென்று முடிவு செய்தபின், கடைக்காரரிடம் விலையை மட்டும் கேளாதீர்கள். "இதற்கு எந்த ஆண்டு வரை திருத்தங்கள் வரும்?" என்றும் கேளுங்கள். மூவாயிரம் ரூபா கூடக் கொடுத்து ஐந்து ஆண்டு அதிகம் உழைக்கும் பெட்டியை வாங்குதல் சிக்கனமாகும். பழையதைப் பிறருக்குக் கொடுக்குமுன் அதிலுள்ள உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, உள்ளேயுள்ள அனைத்தையும் அழித்துவிடுங்கள். ஆதரவு முடிந்த பெட்டியை ஏழை உறவினருக்குத் தானமாகக் கொடுத்தல் உதவியாகாது. தாழ்ப்பாள் கழன்ற கதவை அவர் வீட்டிலே மாட்டுவதாகும். குப்பையிலும் எறியாதீர்கள். 2022 ஆம் ஆண்டில் உலகம் கழித்தெறிந்த மின் மற்றும் இலத்திரனியல் பொருட்கள் 6 கோடி 20 இலட்சம் தொன் என்றும், அதிலே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22.3 மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. மிகுதியில் ஒரு பகுதி மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கின்றது. எமது நாட்டில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் அனுமதி பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கின்றனர், அவர்களிடம் ஒப்படையுங்கள்.

எங்கள் பாடசாலைப் பெட்டியின் கதையை முடித்துவிடுகின்றேன். 2025 ஆம் ஆண்டில் அதற்குத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்ற அறிவித்தலை உற்பத்தியாளரின் பக்கத்திலே கண்டோம். சில வாரங்களில் நாங்கள் பாடத்துக்குப் பாவித்த செயலியும் திறக்க மறுத்தது. மின்சாரம் பார்த்தோம், சூடு பார்த்தோம், கைத்தொலைபேசியை வைத்து இணைப்பும் பார்த்தோம். எல்லாம் செம்மையாகவே இருந்தன. பின்பு சங்கக் கூட்டத்தில் மீண்டும் அதனை வைத்தேன். இம்முறை வெறும் விலைச்சீட்டை மட்டும் வைக்கவில்லை. செய்த சோதனைகளையும், அறிவித்தலின் பிரதியையும் வைத்தேன். அதே தாய் அன்றும் வந்திருந்தார். பிரதியைத் தம் மகனிடம் கொடுத்து வாசிப்பித்துக் கேட்டார். பின்பு, "அப்ப சரி சேர், இது பசியில்லை" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சொற்பப் பணத்தைச் சேர்த்து வைத்துச் செலவு செய்யும் மக்களிடம், "பழையது, மாற்றுங்கள்" என்று சொல்லிவிடுவது இலகு. ஏன் மாற்றவேண்டும் என்று காட்டுவது கடினம். அந்தத் தாய் 2022 இல் எழுந்து கேளாதிருந்தால், நல்ல பெட்டி ஒன்றை நான் எறிந்திருப்பேன். அவருடைய இடியப்பக் காசையும் அதனோடு எறிந்திருப்பேன். ஆகையால், உங்கள் வீட்டுப் பெட்டி நாளை தடுமாறினால், கடைக்குப் போகுமுன் அவர் கேட்ட கேள்வியை ஒருமுறை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.